ரிவர்ஸ் விசில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நாய் சாகாது. நாய்க் கதை என்றாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். எனக்கும் அந்த வியாதி உண்டு. கையை எடுத்துவிட்டு நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாய் ஓடிக்கொண்டு வாழுமா, சங்கிலியில் கிடந்து வாழுமா என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்காக சமயநல்லூரில் ஒரு குடும்பமே மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தது.

சிவனாண்டிக்கு வயது ஐம்பத்து மூன்று. டவுன் பஸ் கண்டக்டர். இருபத்தாறு வருசமாகக் கழுத்தில் விசில் தொங்குகிறது. அவர் மனைவி ஒச்சாயி, கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நாற்று நடவுக்குப் போனவள். இப்போது சொந்தமாக ஒரு ஏக்கர் இருக்கிறது, அதிலேயே பாடுபடுகிறாள். ஒரே மகள் பவதாரிணி, தல்லாகுளத்தில் ஒரு நாய் வைத்தியசாலையில் உதவியாளர். ஊசி போட நாயைப் பிடித்துக்கொள்வது, குளிப்பாட்டுவது, காதில் மருந்து விடுவது எல்லாம் அவள் வேலை.

அவள்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் அந்த நாயோடு வந்து இறங்கினாள்.

உயரமான பெட்டை. தலையும் காதும் காப்பிக்கொட்டை நிறம். உடம்பு வெள்ளை, அதன்மேல் முழுக்கப் பழுப்புப் பொடிப் புள்ளி. வயிறு ஒட்டி, நெஞ்சு ஆழமாக, கால்கள் ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவை.

"இது என்னடி, நம்ம ஊருல வேட்டைக்கு வளப்பாங்களே, அந்தக் கன்னி நாயா?" என்று கேட்டாள் ஒச்சாயி.

"இல்லம்மா. ஜெர்மன் பாயிண்டர். துப்பாக்கிக்காரங்க கூட வேட்டைக்குப் போற ஜாதி. கோச்சடையில மூணாவது மாடியில வளத்திருக்காங்க. சோபா, மெத்தை, கதவு நிலை எல்லாத்தையும் கடிச்சிருச்சாம். அந்தண்ணன் கம்ப்யூட்டர் முன்னாடியே நாள் பூரா உக்காந்திருக்கிறவரு. என்னால முடியலன்னு ஆஸ்பத்திரியில வந்து அழுதுட்டாரும்மா."

"அவரு அழுதா நீ கூட்டிக்கிட்டு வந்துருவியா? நாளைக்கு அந்த வழியா யானைக்காரன் அழுதுகிட்டு வந்தா?"

"யானை நம்ம சந்துக்குள்ள திரும்பாதும்மா."

நாய் வந்து சிவனாண்டியின் சட்டைப் பையை மோந்தது, கையை மோந்தது, கடைசியில் அவர் செருப்பின்மேல் உட்கார்ந்துகொண்டது. "மிளகு தூவுன மாதிரி இருக்கு" என்றார். மிளகு என்பதே பேராகிவிட்டது.

பவதாரிணி வேலை பார்க்கும் இடத்து டாக்டர் ஷெரின் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டம். நடை இல்லை, ஓட்டம். எட்டரைக்குமேல் தார் ரோட்டில் நடக்கவிடக் கூடாது, பாதம் வெந்துபோகும். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடக் கூடாது, ஓடி முடித்து மூச்சு அடங்கினபிறகுதான் சோறு. வயலுக்குப் போய் வந்தால் விரல் இடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி பார்க்க வேண்டும். அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தார்: இதற்கு வேலை கொடுங்கள், இல்லையென்றால் அதுவே வேலை தேடிக்கொள்ளும்.

"வேலையா?" என்றாள் ஒச்சாயி. "களையெடுக்கத் தெரியுமான்னு கேளு."

மறுநாள் விடிந்ததும் சிவனாண்டி வீட்டுக்குப் பின்னால் அறுத்துப் போட்ட வயலில் அதை அவிழ்த்துவிட்டார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அங்கிருந்து இங்கேயும், ஒரு பக்கம் விடாமல் கோடு போட்ட மாதிரி ஓடியது. திடீரென்று நின்றது. முன்னங்கால் ஒன்று மடங்கி மேலே தொங்கியது, வால் குச்சி மாதிரி நீண்டது, மூக்கு ஒரு நெல் தாள்கட்டையைப் பார்த்து நிலைத்தது. முள் ஏறிவிட்டது என்று நினைத்துப் போய்க் காலைப் பிடித்தார் சிவனாண்டி. மூக்குக்கு நேரே இரண்டு காடைகள் விர்ரென்று எழுந்து பறந்தன. மிளகு துரத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்தது. காட்டிக் கொடுத்தேனே, நீ ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

வேட்டை கூடாது, அது சட்டம். அதனால் பவதாரிணி வேறு வழி சொன்னாள். சிவனாண்டியிடம் பழைய தோல் பை ஒன்று இருந்தது, டிக்கெட் மெசின் வருவதற்கு முந்தின காலத்துப் பை. அதை வயலில் ஒளித்து வைக்க வேண்டும். மிளகு மோப்பம் பிடித்துத் தேடி, பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்க வேண்டும். இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. பைக்குள் முட்டை வைத்திருந்தாலும் உடையாது போல, அப்படி ஒரு வாய்.

"தூரத்துல இருக்கும்போது பேச்சு கேக்காதுப்பா. இதுகளுக்கு விசில்லதான் சொல்லணும்" என்று பவதாரிணி தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் புல்வெளியில் நின்று விசில் ஊதினார். "நீளமா ஒண்ணு ஊதுனா, எங்க இருக்கோ அங்கயே உக்காரணும். ரெண்டு ஊதுனா, போகணும். விட்டு விட்டு ஊதிக்கிட்டே இருந்தா, திரும்பி நம்மகிட்ட வரணும்."

சிவனாண்டி வீடியோவை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"இது எங்க பஸ்ஸுக்குத்தானேம்மா! ஒண்ணு, நிறுத்து. டபுள், போலாம். விட்டு விட்டு ஊதுனா ரிவர்ஸ், பின்னால வா. இதை அந்தாளு எங்க டிப்போவுலயா படிச்சாரு?"

ஒச்சாயிகூடச் சிரித்துவிட்டாள். "அப்ப உங்கப்பாவுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்ல. நாய்க்கு மட்டும் எடு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நானாக இருந்தாலும் எனக்கும் தோன்றியிருக்காது.

சிவனாண்டி ஊதிப் பழக்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு விசில் ஒரு சாமான். அவருக்கு அது இன்னொரு நாக்கு. ஒரே அளவு, ஒரே அழுத்தம், ஒரு நாளும் மாறாது. மிளகு முப்பது நாளில் முழுப் பாடமும் படித்துவிட்டது. நூறு கஜத்தில் ஓடுகிற நாய், ஒரு விசிலுக்கு ஆணி அடித்த மாதிரி உட்காரும். டபுள் விசிலுக்குப் பறக்கும். விட்டு விட்டு ஊதினால் காது இரண்டும் பின்னால் மடங்க ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்து, நன்றாகச் செய்தேனா என்று பார்க்கும். "நல்ல புள்ள" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு அதற்கு உடம்பெல்லாம் ஆடும்.

இருபத்தாறு வருசம் ஊதியதற்கு டிரைவர்கள் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள், எடுத்திருக்கிறார்கள். ஊதியதற்காக ஒருவர் அவரைப் பார்த்துச் சந்தோசப்பட்டது இதுதான் முதல் தடவை.

அடுத்த மாதம் அவருக்கு டூட்டி மாறியது. அதுவரை திருமங்கலம் ரூட்டில் இருந்தவரைச் சமயநல்லூர் வண்டிக்கே போட்டார்கள். மெயின் ரோட்டிலேயே திரும்பிக்கொண்டிருந்த அந்த பஸ், அந்த மாதத்திலிருந்து அவர் வீட்டுக்கு முந்நூறு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் திரும்பும். வீட்டு வாசலில் வேலை. ஒச்சாயி கேசரி கிண்டினாள்.

முதல் நாள், நாலேகால் மணி டிரிப். டிரைவர் இன்னாசிமுத்து வண்டியைத் தொட்டிப் பக்கம் ஒடித்தார். சிவனாண்டி இறங்கி, வண்டிக்குப் பின்னால் இடது ஓரமாக நின்று, வழக்கம்போல ரிவர்ஸ் விசில் கொடுத்தார். விட்டு விட்டு, ஒரே அளவில்.

அதே நேரம் ஒச்சாயி துணி எடுக்கக் கொல்லைக் கதவைத் திறந்தாள். அவள் முழங்காலை இடித்துக்கொண்டு ஏதோ ஒன்று பாய்ந்து போனது.

சிவனாண்டி பார்த்தபோது மிளகு வலது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அவரிடம் வர வேண்டுமென்றால் பின்னால் உருண்டுகொண்டிருக்கிற பஸ்ஸைக் குறுக்கே கடந்துதான் வர வேண்டும். காது மடங்கியிருந்தது. முகமெல்லாம் சந்தோசம். பின்சக்கரத்துக்கு நேரே வந்துவிட்டது. அவர் யோசிக்கவில்லை, எந்தக் கண்டக்டரும் யோசிக்க மாட்டார். நீளமாக ஒரு விசில் ஊதினார், வண்டியை நிறுத்த.

வண்டி நின்றது. மிளகும் உட்கார்ந்துவிட்டது, அங்கேயே, சக்கரத்துக்குப் பின்னால். டயருக்கும் அதன் முதுகுக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. அப்படி உட்கார்ந்துகொண்டு அவர் முகத்தைப் பார்த்தது. நன்றாகச் செய்தேனா?

சிவனாண்டிக்கு "நல்ல புள்ள" என்று சொல்ல வாய் வரவில்லை. ஓடிப்போய் அதைக் கழுத்துப்பட்டையோடு ஓரத்துக்கு இழுத்தார்.

இன்னாசிமுத்து இறங்கி ஓடிவந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இனிமே அதைக் கட்டிப் போட்டாத்தான் நான் இந்த இடத்துல வண்டியைப் பின்னால எடுப்பேன். எனக்கும் வீட்டுல நாய் இருக்குண்ணே. இந்தக் கையால முடியாது."

"என் விசில்தான் இன்னாசி அதைக் கூப்பிட்டுச்சு" என்றார் சிவனாண்டி. "என் விசில்தான்."

அன்றிலிருந்து சங்கிலி.

ஒரு நாளைக்கு எட்டு டிரிப். எட்டுத் தடவையும் தொட்டிப் பக்கம் ரிவர்ஸ் விசில் கேட்கும், சிவனாண்டி ஊதினாலும் அடுத்த ஷிப்டுக்காரர் ஊதினாலும். எட்டுத் தடவையும் மிளகு எழுந்து சங்கிலி முடிகிற இடம்வரை பாய்ந்து, கழுத்து இழுபட்டு விழும். கூப்பிடுகிறார்களே, போக முடியவில்லையே என்று கத்தும். காலையில் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடத்திப் பார்த்தார் சிவனாண்டி. அந்த நடை அதற்கு ஒரு மூலைக்கும் காணவில்லை. சுவரில் அடித்து அடித்து வால் நுனி பிய்ந்து, வெள்ளைச் சுவரெல்லாம் ரத்தப் புள்ளி. கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் ஆள் இறங்குகிற குழி தோண்டியது. பத்தாம் நாள் குழி தோண்டுவதையும் விட்டுவிட்டது. சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அதுதான் மோசம்.

"நான் வேணாம்னு சொன்ன நாய்தான்" என்றாள் ஒச்சாயி, அதன் வாலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே. "ஆனா இப்படிக் கெடந்து பாக்க முடியல."

அந்த வாரம் ஒச்சாயியின் பெரியப்பா மகன் வெள்ளைத்துரை வந்தார். அழகர்கோவில் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். நாயைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"மாப்ள, உடம்பு என்னா உடம்பு! எங்கிட்டக் குடுத்துரு. தோப்புக்கு ஆகும். பஸ்ஸு கிடையாது, விசில் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"அவுத்து விடுவீங்களா மச்சான்?"

"அவுத்து விட்டா தோப்பு வாசல்ல எவன் காவல் இருக்கிறது? நல்ல சங்கிலியா வாங்கியிருக்கேன், பத்தடி. நம்ம சங்கிலி இதைவிட நீளம் மாப்ள."

சிவனாண்டி நாயைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் அது உட்கார்ந்திருந்த கோலம் கண்ணைவிட்டுப் போகவில்லை. உயிரோடாவது இருக்கட்டும் என்று நினைத்தார். "எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். மாங்காய் பறிச்சு இறக்கி முடியட்டும், மூணாவது ஞாயித்துக்கிழமை வண்டியோட வாரேன் என்று வெள்ளைத்துரை போனார். சிவனாண்டி சொன்ன சொல்லை மாற்றத் தெரியாதவர். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பவதாரிணி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"தப்பு நாயோடது இல்லப்பா. நம்ம ஊருல ரோட்டுக்கு ரோடு ஊதுற சத்தத்தை அதுக்குப் பேரா வச்சுட்டோம். வேற சத்தம் பழக்குவோம். வேற எதுவும், வேற யாரும் போடாத சத்தமா இருக்கணும். விசில் கேட்டா எந்திரிச்சுப் பாத்து, ஒண்ணும் கிடைக்காம கிடைக்காம, அது மறந்துரும்."

"என்னா சத்தம்?" என்றாள் ஒச்சாயி. "கை தட்டுனா?"

"டீக்கடையில எல்லாரும் தட்டுறாங்க."

"மணி?"

"ஐஸ் வண்டி."

"பேரைச் சொல்லிக் கூப்புடு."

"நீங்க ஒரு நாளைக்கு நூறு தடவை மிளகு மிளகுன்னு சொல்றீங்கம்மா. பாதி ரசத்துக்கு."

ஒச்சாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் என்ன, குலவைதான் போடணும்!" என்று சொல்லிவிட்டு, கேலிக்காகவே நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள். ஒச்சாயியின் குலவை லேசுப்பட்டதில்லை. நடவு வயலில் அவள் போட்டால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நடுகிறவர்கள் நிமிர்ந்து பதில் குலவை போடுவார்கள். சடங்கு, கல்யாணம், முளைப்பாரி, எதுவானாலும் அவளைக் கூட்டிப்போக ஆள் வரும்.

கொல்லையில் சங்கிலி குலுங்கியது. நாலு நாளாக விசிலைத் தவிர வேறெதற்கும் தலை தூக்காத நாய், எழுந்து நின்று, கதவைப் பார்த்து, ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு நின்றது.

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இதை எந்த வண்டியும் போடாது" என்றாள் பவதாரிணி மெதுவாக.

மறுநாளே ஆரம்பித்தார்கள். முதலில் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவில்: ஒரு குலவை, வந்தால் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். பிறகு முற்றத்தின் கோடியிலிருந்து. பிறகு முப்பதடி நைலான் கயிற்றைக் கட்டி வயலில். ஒரே தடவைதான் போட வேண்டும் என்பது பவதாரிணியின் கட்டளை. எதையும் ஒரே தடவை சொல்லிப் பழக்கமில்லாத ஒச்சாயிக்கு அதுதான் பெரிய பாடமாக இருந்தது. பஸ் வந்து விசில் கேட்டால் யாரும் நாயைப் பார்க்கக் கூடாது, ஒன்றும் கொடுக்கக் கூடாது. மிளகு எழுந்து தொட்டிப் பக்கம் பார்க்கும், நடுங்கும், இவர்களைத் திரும்பிப் பார்க்கும். இரண்டாவது வாரம் எட்டு விசிலில் ஐந்துக்குத்தான் எழுந்தது. வால் ஆறியது. சோறு இறங்கியது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முழுசா மறந்துருமாடி?" என்று கேட்டாள் ஒச்சாயி.

"மறந்தா அப்பா மாமாகிட்டப் பேசுவாரா?"

இரண்டு பேரும் சிவனாண்டியைப் பார்த்தார்கள். அவர் செய்தித்தாளைத் திருப்பினார். "குடுத்த வாக்கு குடுத்ததுதான்."

"சரிப்பா. இருக்கிற வரைக்கும் நீங்களும் குலவை பழகுங்க. அது உங்ககிட்டயும் வரணும்ல."

"ஆம்பளை குலவை போட்டு நீ எங்கயாவது பாத்திருக்கியாம்மா?"

"நாய்க்கு அது தெரியாதுப்பா."

"ஊருக்குத் தெரியும்."

அவர் விசிலைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனார். உண்மையைச் சொன்னால், மூன்று வாரத்தில் அதிகம் வாடிப்போனது அவர்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திச் சங்கிலியை அவிழ்த்தால் மிளகு ஓடிவந்து அந்தச் சட்டைப் பையை மோந்து பார்க்கும். ஊது என்று அர்த்தம். அவர் ஊத மாட்டார். அது கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ஒச்சாயியிடம் போய்விடும். தான் சொல்லிக்கொடுத்த பாசையைத் தானே பிடுங்கிக்கொண்டு, வேறு பாசையும் பேசாமல் நிற்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

மூணாவது ஞாயிறும் வந்தது. முந்தின நாள் தேனூரில் ஒரு சடங்கு வீடு. மூன்று வாரம் வயலில் குலவை போட்டு ஏற்கெனவே கரகரத்திருந்த ஒச்சாயியின் தொண்டை, அங்கே முப்பது தட்டு வரிசைக்கும் குலவை போட்டதில் சுத்தமாக அடைத்துக்கொண்டது. காலையில் எழுந்து "காப்பி" என்றாள்; காற்றுதான் வந்தது.

ஒன்பது மணிக்கு வெள்ளைத்துரை குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் வந்து, தொட்டிக்கு எதிர்ப்புறம் ரோட்டோரத்தில் நிறுத்தினார். பத்தடிச் சங்கிலி பளபளவென்று இருந்தது. பவதாரிணி உள்ளேயே இருந்துவிட்டாள். சிவனாண்டிதான் மிளகைக் கூட்டிக்கொண்டு போனார். ஒச்சாயி பின்னாலேயே வந்தாள்.

"ஏறு, ஏறு" என்று வெள்ளைத்துரை கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். மிளகு நாலு காலையும் ஊன்றிப் பின்வாங்கியது. சாப்பிடாமல் கிடந்ததில் கழுத்து மெலிந்திருந்தது. இந்த ஜாதிக்குத் தலையே சின்னது. பட்டை காதைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளைத்துரை வெறும் பட்டையோடு வண்டிமேல் சாய்ந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒன்பதேகால் டிரிப் வந்து தொட்டிப் பக்கம் திரும்பியது. இன்னாசிமுத்துதான் ஓட்டுகிறார். சிவனாண்டிக்கு அன்றைக்கு லீவு, வேறொரு கண்டக்டர் இறங்கி ரிவர்ஸ் விசில் கொடுக்க ஆரம்பித்தார்.

மிளகு காதைத் தூக்கியது. ஒரு நொடி நின்றது. பயத்தில் இருக்கிற குழந்தை பழைய இடத்துக்கு ஓடுமே, அப்படி ஓடியது, ரோட்டுக்குக் குறுக்கே, விசிலை நோக்கி. வலது பக்கத்திலிருந்து செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்துகொண்டிருந்தது.

ஒச்சாயி வாயைத் திறந்தாள். நாக்கு சுழன்றது, சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள், காற்று.

சிவனாண்டியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. பொத்தானையும் கழற்றிவிட்டது. ஒரு விசில் ஊதினால் மிளகு உட்காரும், எங்கே உட்காரும்? நடு ரோட்டில், டிராக்டருக்கு முன்னால். விட்டு விட்டு ஊதினால், எந்த விசிலுக்குப் போவதென்று தெரியாமல் நடுவில் நிற்கும். அவர் விசிலில் அதற்கு நல்லது சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை.

ஒச்சாயி அவர் முதுகில் ஓங்கி அறைந்தாள். "போடுய்யா!" என்று வாயசைத்தாள்.

டீக்கடையில் பத்துப் பேர். பஸ் நிறைய ஜனம். எதிரில் மச்சான். சிவனாண்டி கையை வாய்க்கு ஓரமாக வைத்து, நாக்கைச் சுழற்றி, இருபத்தாறு வருசத்தில் எழுப்பாத ஒரு சத்தத்தை எழுப்பினார். அதைக் குலவை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கன்றுக்குட்டி கத்தியது பாதி, கதவுக் கீல் கிறீச்சிட்டது பாதி. ஆனால் நாக்கு சுழன்றது. சத்தம் அலை அலையாக ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கம் போதுமானதாக இருந்தது.

மிளகு நடு ரோட்டில் கால் வைத்த இடத்தில் நின்றது. பஸ்ஸைப் பார்த்தது. திரும்பி அவரைப் பார்த்தது. நீயா?

அவர் மறுபடி போட்டார். ஒரே தடவைதான் போட வேண்டும் என்பதெல்லாம் யாருக்கு ஞாபகம்?

மிளகு திரும்பி ஓடிவந்தது. டிராக்டர் செங்கல் தூளைப் பறக்கவிட்டுக்கொண்டு அதன் வாலுக்குப் பின்னால் கடந்து போனது. மிளகு அவர் காலடியில் வந்து உட்கார்ந்து, சட்டைப் பையை மோந்து பார்க்காமல், நேராக முகத்தைப் பார்த்தது.

"நல்ல புள்ள" என்றார் சிவனாண்டி. "நல்ல புள்ள, நல்ல புள்ள." அதற்குமேல் அவருக்கும் ஒச்சாயி மாதிரியே காற்றுதான் வந்தது.

பஸ்ஸில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் பதில் குலவை போட்டாள். பஸ்ஸே சிரித்தது. இன்னாசிமுத்து ஸ்டீயரிங்கில் தலை வைத்துச் சிரித்தார்.

வெள்ளைத்துரை கழுத்துப்பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாயைப் பார்த்தார், சிவனாண்டியைப் பார்த்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்குறேன். இது குலவை போட்டாத்தான் வருமா?"

"ஆமா மச்சான்."

"வேற எதுக்கும் வராதா? பேரைச் சொன்னா? அதட்டுனா?"

"அதட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துக்கிரும்."

வெள்ளைத்துரை சங்கிலியைச் சுருட்டி வண்டிக்குள் எறிந்தார். "எந்தத் தோப்புலடா நான் நின்னு குலவை போடுவேன்? மாங்கா இறக்குறவன் ஒருத்தன் பாத்தா அழகர்கோவில் வரைக்கும் சொல்லிருவானே. இந்தா, நீயே வச்சுக்க. உனக்குத்தான் வெக்கம் போயிருச்சு."

"நாந்தான் குடுக்குறேன்னு சொல்லிட்டேனே மச்சான்."

"நாந்தான் வேணாங்குறேனே மாப்ள! வாக்கு குடுத்தவன் நீ, வாங்குனவன் நானு. வாங்குனவனே திருப்பிக் குடுத்தா உனக்கு என்னய்யா கேடு?" என்று சொல்லிவிட்டு, ஒச்சாயியிடம் திரும்பினார். "ஏத்தா, காப்பி உண்டா இல்லையா?"

ஒச்சாயி சத்தமில்லாமல் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர். அதற்குள் பவதாரிணி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து மிளகின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சொல்ல இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. சிவனாண்டி இப்போதும் அதே ரூட்டில்தான் இருக்கிறார். ஏறுகிறவர்கள் விடுவார்களா? "கண்டக்டரே, டிக்கெட்டுக்கு முன்னால ஒரு குலவை!" என்பார்கள். "சில்லறை இருந்தா போடுறேன்" என்பார். தினமும் விடியற்காலையில் வயலில் நின்று, முதலில் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குலவை பழகுகிறார். கன்றுக்குட்டி போய்விட்டது, கதவுக் கீல் இன்னும் இருக்கிறது என்கிறாள் ஒச்சாயி.

ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வண்டி திரும்புவதற்காக அவர் தொட்டியடியில் இறங்கி நின்றார். வயலில் ஒச்சாயியோடு மிளகு தோல் பையைத் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் ரிவர்ஸ் விசில் கொடுத்தார், விட்டு விட்டு, அதே அளவில், அதே அழுத்தத்தில். கண் மட்டும் வயலில் இருந்தது.

மிளகு தலையைத் தூக்கவில்லை. மூக்கைத் தாள்கட்டையில் வைத்தது வைத்தபடி தேடிக்கொண்டே போனது.

வண்டி திரும்பி நின்றது. சிவனாண்டி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். இதற்காகத்தானே அவ்வளவு பாடு. இருந்தாலும் அது ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்க்காதா என்று இருந்தது.

"என்னண்ணே, போலாமா?" என்றார் இன்னாசிமுத்து, கண்ணாடி வழியாகப் பார்த்து.

"போலாம் இன்னாசி" என்று ஏறிக்கொண்டு, டபுள் விசில் கொடுத்தார். பஸ் மட்டும் கிளம்பியது.